முப்பத்தேழாவது ஸ்பாட்

துருக்கியின் புர்சா நகரில் உள்ள கார் தொழிற்சாலையில், நெர்மினுக்கு எண்ணத் தெரியாது என்றொரு பேச்சு இருந்தது. கிளப்பியவர் மேற்பார்வையாளர் ஃபெர்ஹாத். தன் தேநீரில் எத்தனை சர்க்கரைக் கட்டி போட்டோம் என்பதே அவருக்கு நினைவிருக்காது. அது வேறு கதை.

கார்க் கதவுத் தூண்களை இயந்திரத்தில் மாட்டி, தகடுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்க்கும் ஸ்பாட் வெல்டுகளைப் பிய்த்துப் பார்ப்பது நெர்மினின் வேலை. நல்ல வெல்டு விடாது; சுற்றியுள்ள தகடுதான் கிழிந்து, பொத்தான் மாதிரி அதோடு வரும். கெட்டது ஸ்டிக்கர் போல உரிந்துவிடும். அவள் கையெழுத்தில்லாமல் வண்டிகள் வெளியே போகாது. வரைபடத்தில் முப்பத்தாறு ஸ்பாட். வெல்டு போடும் ரோபோவின் கணக்கிலும் முப்பத்தாறு. திங்களன்று வந்த தூணில் முப்பத்தேழு இருந்தன.

"முப்பத்தாறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. வண்டியெல்லாம் நிக்குது" என்றார் ஃபெர்ஹாத்.

"இருக்கறதத்தான் எழுதுவேன் அண்ணே. இத நம்பித்தான் ஆளுங்க புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறாங்க."

"மொதல்ல கண்ணாடிய மாத்து."

"உங்க கண்ணு நல்லாத்தான இருக்கு? நீங்க எண்ணுங்க."

எண்ணினார். விரல் வைத்து மறுபடி எண்ணினார்.

நெர்மின் இழுக்கத் தொடங்கினாள். முப்பத்தாறும் பொத்தான் பொத்தானாகப் பிய்ந்து வந்தன. மிச்சமிருந்த ஒன்று அசையவில்லை. வழக்கத்தைவிட மூன்று மடங்கு விசை கொடுத்து இழுத்தாள். இயந்திரத்தின் தாடைதான் விரிசல் விட்டது. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வெல்டு செய்த தூண் அது. அந்த ஒரு ஸ்பாட் மட்டும், இப்போதுதான் தேநீர் ஊற்றிய கிளாஸ் போலச் சுட்டது.

முப்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதன் கீழே ஃபெர்ஹாத்தும் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாயன்று அடுத்த தூண் வந்தது. நெர்மின் எண்ணுவதற்கு முன்பே கையுறையைக் கழற்றினாள்.