மணமேல்குடியில் அலை இல்லை

"நம்ம ஊர்ல மட்டும் ஏன் அலையே எழும்ப மாட்டேங்குது, இசை?"

பீட்டர் கேட்டான். மணமேல்குடிக் கடல் காலை வெயிலில் ஆடை படிந்த பால்போலக் கிடந்தது. இடுப்பளவு நீரில் நின்று அவன் அலைச்சறுக்குப் பலகையைப் பிடித்திருந்தான். அதன்மேல் இசைவாணி குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

சென்னையில் அவளுக்கு அலைகளைக் கணித்துச் சொல்லும் வேலை. கோவளத்தில் அலையேறும் பிள்ளைகள் அவளிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் கடலுக்குக் கிளம்புவார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவன்தான் பீட்டர். குரலைக் கேட்டே பிடித்துப்போய், கல்யாணமும் ஆகிவிட்டது. இப்போது விடுமுறைக்கு அவன் ஊருக்கு வந்திருந்தார்கள்.

"எதிர்த்தாப்ல எலங்கை குறுக்க படுத்திருக்குல்ல. பெரிய அலையெல்லாம் அங்கயே நின்னுரும். பக்கத்துக் காத்து கெளப்புற குட்டி அலைதான் இங்கிட்டு வரும்."

"போன சித்திரையில கோவளத்துல காத்தே இல்ல. ஆனா ஆளுயரத்துக்கு அலை வந்துச்சே, அது எப்படி?"

இசைவாணியின் உதட்டில் சிரிப்பு வந்தது.

"அது கள்ளக்கடல். பூமிக்குத் தென்கோடியில, பனிப்பாறை மெதக்குற கடல்ல பெரிய புயல் அடிச்சிருக்கும். அந்தக் காத்து தண்ணியத் தடவித் தடவி அலையாக்கிவிடும். அப்புறம் காத்து அங்கயே ஓஞ்சுரும். அலை மட்டும் தனியாக் கெளம்பி, நாள்கணக்கா ராப்பகலா வந்து நம்ம கரையத் தொடும். சொல்லாமக் கொள்ளாம வாரதாலதான் அந்தப் பேரு."

"அப்ப நான் ஏறுனது பனிக்கடல் தண்ணி மேலயா?"

"இல்லங்க. தண்ணி வராது, அலைதான் வரும். எங்க அன்னவாசல்ல கதிர் முத்துன வயல்ல காத்தடிச்சா, இந்த வரப்புலருந்து அந்த வரப்புக்கு ஒரு அலை ஓடும். அதுக்காக நெல்லு எந்திரிச்சு ஓடுதா? அப்படித்தான். தண்ணி நின்ன எடத்துலயே ஒரு வட்டம் சுத்தும். பக்கத்துத் தண்ணியத் தொட்டுவிட்டுட்டு அமைதியாயிரும்."

பலகை மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. மூடிய இமைக்குள் வெயில் செம்பருத்தி நிறத்தில் பரவியது.

"அந்தக் கப்பல் வேலைக்கு என்ன பதில் எழுதப்போற?"

"முடியாதுன்னுதான். கடல்ல மாசக்கணக்கா மெதந்து அலைய அளக்கணுமாம். எனக்குக் கம்ப்யூட்டர்ல பாக்குறதே போதுங்க."

பலகை இன்னொரு முறை ஏறி இறங்கியது. பிறகு பீட்டரின் குரல் வந்தது.

"சரி, கரைக்கு வந்ததும் அலை எதுக்கு ஒடையுது?"

"அடியில தரை தட்டும். கீழ ஓட்டம் கொறையும். மேல உள்ளது வந்த வேகத்துலயே வரும். கால் தடுக்குன மாதிரி குப்புற விழுந்துரும். ஆழத்துல அப்படி இல்ல. புயல் இல்லாதப்ப ஆழத்துல அலை தொட்டில் மாதிரி..."

"கண்ணத் தொறந்து பாத்துச் சொல்லு."

குரல் தள்ளியிருந்து கேட்டது.

இசைவாணி கண்ணைத் திறந்தாள். கரையிலிருந்த படகுகள் விரல்நுனி அளவுக்குச் சிறுத்திருந்தன. சற்றுத் தொலைவில், கழுத்தளவு நீரில் நின்ற பீட்டர், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

"எப்பங்க கைய விட்டீங்க?"

"நீ நெல்லு வயல்ல நின்னப்பவே. கரைக்காத்து பலகையத் தள்ளிக்கிட்டு வந்துச்சு, நான் பின்னாடியே நடந்து வந்தேன்."

அவள் பலகையை இறுக்கிப் பிடித்தாள். பச்சை நீரைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு கையை மெதுவாக விடுவித்து, விரல்களை நீருக்குள் விட்டாள்.

"இப்பவே கரைக்குத் திருப்பாதீங்க."

பீட்டருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடம் ஊரார்க்கெல்லாம் அலை சொன்ன இசைவாணி, கடலில் கால் நனைக்கக்கூடப் பயந்தவள். இன்று காலையும், 'பலகைய விடவே மாட்டேன்' என்று அவன் மாதாமேல் சத்தியம் செய்த பிறகுதான், நடுங்கிக்கொண்டே கண்ணை மூடி ஏறிப் படுத்திருந்தாள்.