ஜெஸ்டின் சொன்ன பேர்

“அந்தப் பேரை மட்டும் எழுதாதீங்க மேடம்!”

டெல்பின் படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டாள்.

முத்துச்செல்வி பேனாவும் கையுமாக முழித்தாள். மனச்சோர்வுக்குக் காளானிலிருந்து எடுத்த புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிற ஆய்வுக்கு அவள்தான் ஒருங்கிணைப்பாளர். மாத்திரை போட்டவர் ஆறு மணி நேரம் கண்ணைக் கட்டிப் படுத்திருப்பார். அழுவார், சிரிப்பார், இல்லாததை எல்லாம் காண்பார். பொறுப்பான ஓர் ஆள் வெளியே அசையாமல் காத்திருந்து, அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்தப் பேர் எழுதாமல் மாத்திரை கிடையாது.

மாத்திரை போட வந்திருந்த, கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற ஜெஸ்டின் சொன்ன பேர் கஸ்பார். டெல்பினின் சொந்தத் தம்பி.

“அதான் பொண்டாட்டி நான் இருக்கேனே!” என்றாள் டெல்பின்.

“கஸ்பார்தான் இருக்கணும்,” என்றார் ஜெஸ்டின்.

“தம்பிதானே, இருக்கட்டுமேக்கா?” என்றாள் முத்துச்செல்வி.

“இவனை நம்பி அடுப்புல பாலைக்கூட வைக்க முடியாது மேடம்! இவரு கடலுக்கடியில சங்கு எடுக்கும்போது, மேல வள்ளத்துல காத்துக் குழாயைப் பாத்துக்கிடுதது மச்சான்காரன்தான். எங்க வழக்கம் அது. அக்கா தாலி அறுக்கக் கூடாதுன்னு கண்ணுங்கருத்துமா இருப்பான்லா? இவன் செல்லுல கிரிக்கெட்லா பாத்தான்! குழாய் மடங்கிக் காத்து நின்னுபோச்சு. மனுசன் செத்துப் பொழைச்சாரு. ரெண்டு வருசமா கடலைப் பாத்தாலே நடுங்குதாரு.”

லிப்ட் பக்கம் நின்ற கஸ்பார் தரையைப் பார்த்தான். “அக்கா, நான் வேணா போயிருதேன்.”

“இன்னும் ஏம்ல நிக்கே?”

முத்துச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஓட்டப்பிடாரத்துக்காரி, கடலோர வழக்கம் எதுவும் தெரியாது. ஆனாலும், சாகவிடப் பார்த்தவனையே காவலுக்குக் கேட்கிறாரே! யோசித்துச் சம்மதம் சொல்கிற நிதானத்தில்தான் இருக்கிறாரா? டாக்டரிடம் சொன்னால் ஆய்விலிருந்தே எடுத்துவிடுவார். வேறு எந்த மருந்துக்கும் குணமாகாத ஆளுக்கு இதுவும் போய்விடும்.

ரத்த ரிப்போர்ட் வாங்க டெல்பினை அனுப்பிவிட்டு, ஜெஸ்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, அவரு உங்களை மிரட்டுறாரா?”

“கஸ்பாரா? அவனா?” ஜெஸ்டினுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“அப்போ அவரை நம்புறீங்க?”

“இல்ல மேடம். உள்ளுக்குள்ள பயமாத்தான் இருக்கு.”

“பெறகு எதுக்குண்ணே அவரு பேரு?”

ஜெஸ்டின் குரலைத் தாழ்த்தினார்.

“அன்னையிலருந்து கடற்கரையில ஒருத்தனும் அவன் கையில குழாயைக் குடுக்க மாட்டேங்கான் மேடம். முதல்ல நான் அவனை நம்பி என் உசுரைக் குடுத்தாத்தான மத்தவன் குடுப்பான்?”