தட்டில் ஒரு துளி

ஆய்வுக்கூடத்துக் குழாயில், மருந்து கலந்த எங்கள் மாட்டுப் பாலின் மேல் நீல வளையம் நின்றது. கருவைக் கலைக்கும் தொற்றான கன்று வீச்சு நோயாக இருக்கலாம், இருந்தால் மாட்டைக் கொட்டிலில் வைக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. என் மனைவி தெய்வானை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“கன்னு எப்பப் போட்டுது?”

“முந்தாநேத்துதானுங்க.”

“அப்ப இது சீம்பாலா? எதுக்கும்மா இதக் கொண்டாந்தீங்க?”

“உங்களுக்குத் தண்ணிப்பாலையா குடுக்கறது? கெட்டியா இருக்கட்டும்னு மொதச் சொம்பை எடுத்து வெச்சேனுங்க.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சீம்பாலில் நோயில்லாமலும் வளையம் விழுமாம். ரத்தத்தைப் பார்த்தால்தான் நம்பலாமாம். மறுநாள் மாட்டின் கழுத்தில் எடுத்த ரத்தம் தெளிந்ததும், அதில் ஒரு துளியை வெள்ளைத் தட்டில் விட்டு, ரோஸ் நிற மருந்தைக் கலந்தார். நோயிருந்தால் திரிந்த பால்போலக் கட்டி கட்டும் என்றார். தட்டை இடமும் வலமுமாகச் சாய்த்துக்கொண்டே இருந்தார். துளி ஓடியது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. எங்கள் கண்ணும் அதன் பின்னாலேயே போனது.

“திரியலம்மா. உங்க மாட்டுக்கு ஒண்ணுமில்ல.”

தட்டைக் கீழே வைத்துவிட்டார். தெய்வானை இன்னமும் இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டிருந்தாள். மூட்டை சுமந்து மரத்துப்போன என் தோளும் கூடவே ஆடியது. நிறுத்தச் சொல்வார் என்று நிமிர்ந்தால், எதிரே டாக்டரம்மாவும்.