முதல்ல எழுந்தவர்

"இந்த வருஷமும் நீங்கதான் முதல்ல எழுந்தீங்கன்னு வைங்க, அப்புறம் எங்கண்ணன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் ஊசியிலேயே கண்ணாக இருந்தார்.

"வாயைத் திறங்களேன்!" என்றாள் மனைவி.

"சரி. எழுந்திரிக்கலை. போதுமா?"

ஊரில் வருஷா வருஷம் நடக்கிற கூத்து இது. சாயங்காலம் காட்டெருமை தண்ணி குடிக்க இறங்குகிற தடத்தில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வேண்டும். யாராவது ஒருத்தர் எழுந்தால் விசில் ஊதுவார்கள். அப்புறம் எல்லாரும் ஓடலாம். முதலில் எழுந்தவர்தான் தோற்றவர். நாற்காலிகளைச் சுமந்துபோய்க் கழுவித் தருவதும் அவர் தலையில்தான்.

ஒவ்வொரு வருஷமும் தையல்காரர் வீட்டில்தான் நாற்காலி காயும். அவள் அண்ணன், லாரி டிரைவர், ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. கடைத்தெருவில் அவளைப் பார்த்தாலே, "இந்த வருஷம் வாளி வாங்கியாச்சா?" என்று கேட்பார்கள்.

சாயங்காலம் ஊரே வேலிக்கு இந்தப் பக்கம் நின்றது. தடத்தில் நாலு நாற்காலியில் தையல்காரர், டிரைவர், இன்னும் ரெண்டு பேர்.

"மாப்ளே, செருப்பை இப்பவே கழட்டிருங்க. ஓட வசதியா இருக்கும்!" என்றான் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

புதர் அசைந்தது. சிரிப்பு நின்றது.

சுவரே நடந்து வருவதுபோல் வந்தது காட்டெருமை. நாற்காலிகளைப் பார்த்து நின்றது. மூச்சை உஸ்ஸென்று விட்டுக் காலால் மண்ணைக் கிளறியது.

தையல்காரர் எழவில்லை.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்றவளை முழங்கையால் இடித்தாள்.

காட்டெருமை தலையைத் தாழ்த்தி ஓடிவர ஆரம்பித்தது. அவள் பிடித்திருந்த வேலிக்கம்பு அதிர்ந்தது. தையல்காரர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். ஆனாலும் எழவில்லை. தனக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் இந்த மனுஷன் சாகக் காத்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எழுந்திரிங்க! மானமாவது மண்ணாவது! ஐயோ, எழுந்திரிங்களேன்!"

அவர் துள்ளி எழுந்தார். விசில் அலறியது. நாலு பேரும் வேலி தாண்டி இந்தப் பக்கம் விழவும், டிரைவரின் நாற்காலி அங்கே நொறுங்கவும் சரியாக இருந்தது.

"இந்த வருஷமும் தையல்காரர்தான்!" என்று ஊர் கைதட்டிச் சிரித்தது.

கொல்லையில் அவர் நாற்காலி கழுவ, அவள் உள்ளே வாளியில் தண்ணி பிடித்துக்கொண்டிருந்தாள். கொல்லைக்கு அண்ணன் வருவது பின்கதவு வழியாகத் தெரிந்தது. கிண்டல் பண்ணத்தான் வருகிறான், இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வாளியோடு கதவுவரை வந்தாள்.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தையல்காரரின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன மாப்ளே, இன்னிக்கு இப்படிப் பண்ணிட்டீங்க! நீங்க எழுந்திருவீங்கங்கற தைரியத்துலதானே நாங்க மூணு பேரும் உட்கார்றோம்?"