ஊசியளவு வெயில்

ஆப்பிரிக்காவிலிருந்து ஆற்றங்கரை அலோன் கிடங்குக்கு வந்த முந்திரி மூட்டையில் ருக்சார் ஓர் அந்துப்பூச்சியைப் பிடித்தாள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சாம்பல் நிற இறக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் புள்ளி. சரக்கு பரிசோதிக்கிறவள் அவள். அதிகாரிக்குப் பூச்சியைக் காட்டியாக வேண்டும். அது செத்ததும் தன் முக்காட்டு ஊசியைக் கழற்றி, முதுகில் குத்தி, அட்டையில் நிறுத்தினாள். அன்றிரவு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் விடிந்ததும் கிடங்குக்கு ஓடி வந்தாள்.

அட்டையில் ஊசி மட்டும் நின்றது. பூச்சி ஜன்னல் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தது.

"இது வேற பூச்சியா இருக்கும்மா, ருக்சார்," என்றார் மூட்டை எடை போடும் செல்லக்கண்ணு.

"முதுகைப் பாருங்கண்ணே."

முதுகில் துளை இருந்தது. அதன் வழியாக வந்த வெயில் அவள் மணிக்கட்டில் மஞ்சள் பொட்டாக விழுந்திருந்தது. வெடுக்கென்று கையை இழுத்தாள். பொட்டும் கூடவே வந்தது. முந்தானையால் தேய்த்தாள், போகவில்லை. செல்லக்கண்ணு ஜன்னலைத் திறந்து பூச்சியை விரட்டினார். அது ஆற்றுப் பக்கம் பறந்து போனது.

பொட்டு போகவில்லை.

ருக்சார் முற்றத்துக்கு ஓடி, வெயிலில் கையை நீட்டினாள். தரையில் அவள் கையின் நிழல் விழுந்தது. மணிக்கட்டில் பொட்டு இருந்த இடத்தில், நிழலுக்கு நடுவே, ஊசியளவு வெயில்.