றுவும் றாவும்

பென்சிலால் வரைந்த பூனைக்குக் கீழே ‘பொறாமை’ என்று எழுதியிருந்தது.

நான் கேட்டது ‘பொறுமை’. காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே வாசலிலிருந்து கத்திச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

று வர வேண்டிய இடத்தில் றா. ஸ்கேன் செய்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. கொட்டை எழுத்தில் பொறாமை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வரைகிறவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரு தாளில் பூனையை வரைந்து, அடியில் ஒரே ஒரு சொல்லை எழுதித் தருவாள். அதை டி-ஷர்ட்டில் அச்சடிக்கிற படமாக மாற்றி, எங்கள் ஆன்லைன் கடையில் ஏற்றுவது நான்.

கேட்பதற்கு இரண்டு நிமிட வேலை மாதிரி இருக்கும். ஸ்கேன் செய்து, வெளிச்சத்தைக் கூட்டி, மங்கலான பென்சில் கீறலையெல்லாம் துடைத்தெடுத்து, மிச்சம் இருப்பதன்மேல் மவுஸால் புள்ளி புள்ளியாகக் கோடு இழுக்க வேண்டும். பூனை மீசைக்கு மட்டும் கால் மணி நேரம் ஆகும். நாள் முழுக்க ஆபீசில் திட்டு வாங்கிவிட்டு வந்து, சாயங்காலம் நான் மீசை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

பேர் யாருக்கு? அவளுக்கு.

வரைந்த கைக்குத் தங்க வளையல் போடலாம் என்று வாங்கியவர் ஒருவர் எழுதியிருந்தார். என் கை மவுஸைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போனதை எவர் எழுதினார்?

மாமியார் வாக்கிங் போவதே ‘துணிவு’ பூனையைப் போட்டுக்கொண்டுதான். எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, சின்னவள் வரைந்தது என்று நெஞ்சைக் காட்டுகிறார். பெரியவள் என்று ஒருத்தி இருப்பதே மறந்துபோச்சு. என் வீட்டுக்காரராவது எனக்காகப் பேசுவார் என்று பார்த்தால், அவர் மூன்று டி-ஷர்ட் வாங்கி அலமாரியில் மடித்து வைத்திருக்கிறார்.

வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது, இதில் எனக்கென்ன ஒளிவுமறைவு? போன மாதம் நானும் ஒரு பூனை வரைந்து கடையில் போட்டேன். பன்றி ரொம்ப அழகு என்று ஒரு புண்ணியவான் பாராட்டினார்.

இத்தனைக்கும் அவள் வீட்டில் ஹாயாக உட்கார்ந்துதான் வரைகிறாள். பஸ்ஸில் இடிபட வேண்டாம், மேனேஜர் மூஞ்சியில் முழிக்க வேண்டாம். கொடுத்து வைத்தவள்.

இப்போது மகராசி எழுத்தில் கோட்டை விட்டிருக்கிறாள்.

திருத்துவது ஒன்றும் பெரிய காரியமில்லை. துணைக்காலை அழித்துவிட்டு, ற-வுக்கு ஒரு சுழி இழுத்தால் முடிந்தது. போன வாரம்கூட ‘நிம்மதி’யில் அவள் வைக்க மறந்த புள்ளியை நான்தான் சத்தம் போடாமல் வைத்தேன். அதற்கு யார் எனக்கு நன்றி சொன்னார்கள்?

திருத்தவில்லை.

பார்க்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கட்டும். சன்னலில் சாதுவாக உட்கார்ந்து காத்திருக்கிற பூனைக்குப் பொறாமை என்று பேர் வைத்த மேதாவி யார் என்று கேட்கட்டும். கடை மானம் போனாலும் பரவாயில்லை, அவள் மூக்கு உடைந்தால் போதும். இனிமேல் அவள் பூனையை யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட மாட்டார்கள்.

வெள்ளை டி-ஷர்ட்டின் நெஞ்சில் பூனையைப் பொருத்தி, ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்தினேன்.

அழுத்தியதும் என்னவோ போலிருந்தது. அழித்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். அதற்குள் அவளே பின்னால் வந்து நின்றாள், தோளில் தூங்குகிற குழந்தையோடு.

அவள் படத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இதோ கண்டுபிடிக்கப்போகிறாள், இதோ நாக்கைக் கடித்துக்கொள்ளப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“இன்னொரு பூனை எங்கக்கா?” என்றாள்.

எந்தப் பூனை என்று எனக்கு விளங்கவில்லை.

அவள் ஒரு கையால் தாளை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். படத்தில் சன்னலுக்கு வெளியே, கீறல் என்று நினைத்து நான் துடைத்துத் தள்ளிய இடத்தில், இன்னொரு பூனை இருந்தது. தூரத்தில் போகிற பூனை என்பதால் பென்சில் பட்டும் படாமலும் வரைந்திருந்தாள். வாலை நிமிர்த்திக்கொண்டு, தெருவே தனக்குச் சொந்தம் என்கிற மாதிரி ஒரு நடை. தோளில் கைப்பை. அதன் வார் ஓரிடத்தில் அறுந்து, முடிச்சுப் போட்டிருந்தது.

அது என் பை.

தினமும் காலையில் நான் புலம்பிக்கொண்டே ஓடுவது எனக்குத்தான் தெரியும். சன்னலிலிருந்து பார்த்தால் அது இப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

குழந்தை பிறக்கும்வரை எட்டரை மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலைக்குக் கிளம்புவோம். அவள் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. விட்டாளா, விட வைத்தோமா என்று இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

திரையில் அந்த றாவை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

“நீங்க கேட்டது பொறுமைதான்க்கா,” என்று குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “எனக்கு வந்தது இதுதான்.”