தூக்கத்துக்கு வாத்து மருந்து

ஜினெத் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் இரண்டு மணி நேரம் திரும்ப மாட்டாள். டாக்டர் வெர்னூவுக்கு அது போதும். கோட்டுப் பையிலிருந்து சின்னச் சீசாவை எடுத்தார். அதிலிருந்த தூக்க மருந்து முழுவதையும் மேசை மேலிருந்த மருந்து கலக்கும் கண்ணாடிக் குப்பிக்குள் ஊற்றினார். திருட்டு வேலைதான். ஆனால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

லியோனுக்கு மேற்கே உள்ள அந்தச் சிற்றூருக்கே படியளப்பது ஒரு ஹோமியோபதி தொழிற்சாலை. அங்கே தயாராவது ஃப்ளூ காய்ச்சலுக்கான சர்க்கரை உருண்டைகள். வாத்தின் ஈரலை ஊறவைத்து, அந்தச் சாற்றை நீர்க்க நீர்க்கக் கலந்து, உருண்டைகள் மேல் தெளிப்பார்கள். வருஷம் முழுவதற்கும் ஒரே ஒரு வாத்து போதும். அதிலும் கொஞ்சம் மீந்துவிடும்.

இந்த மாதிரி மருந்து வாங்குபவர்களுக்கு அரசாங்கம் காசைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியதும் விற்பனை படுத்துவிட்டது. முதலாளி மேடம் பிராஷே தொழிற்சாலை டாக்டரான வெர்னூவைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஃப்ளூவை விடுங்க டாக்டர். இது வேற எதுக்காவது கேக்குதான்னு பாருங்க. தூக்கம் வராதவங்களுக்குக் கொடுத்துப் பாருங்களேன். தேறலைன்னா வசந்தத்துல கதவை இழுத்துப் பூட்டிடுவேன்."

டாக்டருக்கு வயது ஐம்பத்தெட்டு. இதை விட்டால் இன்னொரு இடத்தில் கூப்பிட்டு வேலை கொடுக்க யாரும் இல்லை. அவருக்கோ இந்த உருண்டைகள் மேல் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. அவை எப்படித் தயாராகின்றன என்று ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை.

சாப்பிட்டுத் திரும்பிய ஜினெத் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள். மருந்து கலக்கும் பிரிவு அவள் ராஜ்யம். தொழிற்சங்கத் தலைவியும் அவள்தான். அவள் குரலை உயர்த்தினால் மேடம் பிராஷேவே அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

"என்னமோ வாசனை வருதே! காப்பி குடிச்சிட்டு உள்ள வந்தீங்களா டாக்டர்? காப்பி, புதினா எதுவும் மருந்துகிட்ட வரக்கூடாதுன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

"தெரியாம வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று டாக்டர் நழுவினார்.

தூக்கம் வராதவர்கள் என்று ஊரில் நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து உருண்டை, மீதிப் பேருக்கு வெறும் சர்க்கரை உருண்டை. யாருக்கு எது என்பது டாக்டரின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. தினமும் காலையில் ஒவ்வொருவரும் போன் செய்து, எப்படித் தூங்கினோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

முதல் நாள் டாக்டர் வழக்கம்போல ஆறு மணிக்கு நடக்கப் போனார். மாரியுஸிடம் சுடச்சுட ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முடிதிருத்தும் கடைக்கார அம்மாள்தான் முதலில். அவளுக்குக் கிடைத்தது வெறும் சர்க்கரை. "ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டிருந்தேன். என்ன எழவு மருந்து இது?"

அடுத்து தபால்காரர். மருந்து உருண்டை. "படுத்ததுதான் தெரியும் டாக்டர்!"

பிறகு ரொட்டிக் கடை மாரியுஸ். அவருக்கும் மருந்துதான். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். ஏழு மணி அடிச்சதுகூடக் காதுல விழலை."

டாக்டர் மாரியுஸின் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றபடியே சிரித்துக்கொண்டார். தூக்க மருந்து தன் வேலையைக் காட்டிவிட்டது.

முடிவுகள் பாரிஸில் உள்ள மருந்துத் துறைக்குப் போயின. இவ்வளவு நல்ல முடிவைப் பார்த்ததும் அங்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒல்லியான அதிகாரி ஒருவர் வந்து, மருந்து உருண்டைகளைச் சீல் வைத்துச் சோதனைக்கு எடுத்துப் போனார். அன்றிலிருந்து டாக்டருக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினாலே போலீஸ் வண்டி வாசலில் நிற்பது போலத் தோன்றியது.

அதிகாரி திரும்பி வந்தார். மேடம் பிராஷே எழுந்து நின்றார். டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"சோதிச்சுப் பார்த்தாச்சு. சர்க்கரையைத் தவிர உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார் அதிகாரி. "எல்லாம் முறைப்படி இருக்கு."

தூக்கத்துக்கும் விற்கலாம் என்று அனுமதி கிடைத்தது. மேடம் ஷாம்பெயின் உடைத்தார். டாக்டர் மட்டும் பேயறைந்தவர் போல ஜினெத்தின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நடந்ததையெல்லாம் கொட்டினார்.

"அறிவிருக்கா டாக்டர் உங்களுக்கு?" என்று ஜினெத் சீறினாள். "மாட்டியிருந்தா ஊரே தெருவுக்கு வந்திருக்கும்!"

"அந்த மருந்து எங்கதான் போச்சு?"

"சாக்கடைக்கு. குப்பியைக் கவுத்துக் கொட்டிடுவோம். உள்ள ஒட்டியிருக்கிறதுல புதுத் தண்ணி ஊத்திக் குலுக்குவோம். மறுபடி கவுத்துக் கொட்டுவோம். இப்படி இருநூறு தடவை. நீங்க ஊத்தினப்போ பாதிகூட ஆகலை."

டாக்டர் மெல்ல உட்கார்ந்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்படின்னா நிஜமாவே வாத்து மருந்துதான் தூங்க வச்சிருக்கு. இத்தனை வருஷமா நான்தான் முட்டாளா இருந்திருக்கேன்."

ஜினெத் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"யாருக்கு எதுன்னு நீங்க பெட்டியில வச்சுப் பூட்டினீங்க. ஆனா உருண்டையை அடைச்சு, பேர் ஒட்டிக் கொடுத்தது யாரு? நாங்கதானே? வாங்கிட்டுப் போனது யாரு? எங்க மச்சான், எங்க அத்தை, எங்க பக்கத்து வீட்டுக்காரங்க. யார் தூங்கினேன்னு சொல்லணும், யார் முழிச்சேன்னு சொல்லணும்னு வீடு வீடாப் போய்ச் சொல்லிக் கொடுத்துட்டு வந்தேன்."

"அப்ப மாரியுஸ்? ஏழு மணி வரைக்கும் தூங்கினதாச் சொன்னாரே?"

"ஆறு மணிக்கு அவர் கையால சூடா ரொட்டி வாங்கினது நீங்கதானே டாக்டர்?"

"அப்ப ஒருத்தர்கூடத் தூங்கலையா?"

"கதவைப் பூட்டிடுவேன்னு மேடம் சொன்ன நாள்லேருந்து, இந்த ஊர்ல யாருக்கு டாக்டர் தூக்கம் வந்துச்சு?"